குடலுக்குள்ள சுத்துற பாதரசம்: அதை வெளியேத்துறது யாரு?

[காட்சி: உள்ளங்கை நிறைய, இளஞ்சிவப்புச் சாயம் ஏறின கோதுமை]

1971 கடைசியில மெக்சிகோவுல இருந்து இராக்குக்குப் போன விதைக் கோதுமை இது. பூஞ்சை பிடிக்காம இருக்க மெத்தில் பாதரசம், அதாவது கார்பன் ஒட்டின விஷப் பாதரசம், தடவியிருந்தாங்க. தின்னக்கூடாதுன்னு மூட்டையில எழுதியும் இருந்துச்சு, ஸ்பானிஷ் மொழியில! கிராமத்து ஜனங்க, சாயத்தைக் கழுவிட்டா விஷமும் போயிடும்னு நம்பி, அரைச்சு ரொட்டி சுட்டாங்க. 6,530 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. அங்க மட்டும் 459 பேர் இறந்துபோனாங்க.

[காட்சி: கல்லீரல், பித்தப்பை, குடல், நடுவுல சுத்துற அம்புக்குறி]

வயித்துக்குள்ள போன மெத்தில் பாதரசத்துல சுமார் 95 சதவீதம் ரத்தத்துல ஏறிடும். கல்லீரல் அதைப் பித்தநீரோட சேர்த்துக் குடலுக்கே திருப்பி அனுப்பும். குடல் என்ன பண்ணும்? மறுபடி உறிஞ்சிக்கும். செக்குமாடு மாதிரி அதே சுத்து. இராக் நோயாளிங்க ரத்தத்துல பாதரசம் பாதியாக் குறையவே சராசரியா 65 நாள் ஆச்சு. சிலருக்கு, பாதரசத்தைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பிசினை டாக்டர்கள் வாய்வழியாக் கொடுத்தாங்க. அது ரத்தத்துல கலக்காது, குடலோட சரி. அந்த 65 நாள் 20 நாளாக் குறைஞ்சுது!

[காட்சி: குடல் சுவர், நெருக்கியடிச்சு நிக்கிற பாக்டீரியா]

பிசின் இல்லாத உடம்புல இந்தச் சுத்தை உடைக்கிறது பெரும்பாலும் குடல் பாக்டீரியாதான். மெத்தில் பாதரசத்துல இருந்து கார்பனைக் கழட்டிட்டா, மிஞ்சுறது கனிமப் பாதரசம், அதாவது சாதாப் பாதரசம். குடல் அதைக் கொஞ்சமாத்தான் உறிஞ்சும், மீதி மலத்தோட போயிடும். சுண்டெலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து இந்த பாக்டீரியாவைக் குறைச்சப்ப, பாதரசம் உடம்புலயே தங்கிடுச்சு. பால் குடிக்கிற குட்டிங்க பாடு இன்னும் மோசம். பால் மறக்கிற வரைக்கும் அதுங்க மெத்தில் பாதரசத்தை கிட்டத்தட்ட வெளியேத்துறதே இல்ல.

[காட்சி: ஏரிச் சேறு, மண்புழு]

அதுக்காக பாக்டீரியா எல்லாம் நம்ம கட்சின்னு நினைச்சுடாதீங்க. சேத்துலயும் கடலடி வண்டல்லயும் சாதாப் பாதரசத்தை மெத்தில் பாதரசமா மாத்துறதே அதுங்க சொந்தக்காரங்கதான், ஆக்சிஜன் இல்லாம வாழுற நுண்ணுயிருங்க. மீனுக்குள்ள ஏறுற விஷம் அங்கதான் பிறக்குது. அதுக்கான ரெண்டு ஜீன்கள் 2013லதான் பிடிபட்டுச்சு. மனுஷக் குடல்ல அந்த ஜீன்கள் ரொம்ப அரிது. மண்புழு குடல்ல அப்படியில்ல, அங்க இந்த மாத்துற வேலை நடக்குது. புழுவைக் கொத்துற பறவைக்கு அது நேரா இரைப்பைக்கு வந்துடும். பறவைக்கு ஒரு வசதி உண்டு: முளைக்கிற இறகுக்குள்ள பாதரசத்தைத் தள்ளி, அப்புறம் இறகோட உதிர்த்துடும்.

[காட்சி: ஆய்வுக்கூடம், சூரை மீன் துண்டு]

2025ல அமெரிக்காவுல கலிபோர்னியா ஆய்வாளர்கள், மெத்தில் பாதரசத்தை உடைக்கிற ஜீன்களை ஒரு குடல் பாக்டீரியாவுக்குள்ள புகுத்தினாங்க. அதைக் குடல்ல ஏத்தின சுண்டெலிகளுக்கு சூரை மீன் கலந்த தீனி. சினையா இருந்த எலிகளோட வயித்துக் குட்டிங்க மூளையில கூட பாதரசம் குறைஞ்சிருந்துச்சு.