மச்சு பிச்சு மேலே இல்லை, கீழே இருக்கிறது

[காட்சி: குஸ்கோ விமான நிலைய வாசல். பெட்டிகளோடு வெளியே வரும் பயணிகள். ஒருவர் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குகிறார்.]

பெரு நாட்டின் தலைநகர் லிமா, கடலோர நகரம். அங்கே விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மலை நகரமான குஸ்கோ. கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர். இங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். படியேறும்போது நெஞ்சு படபடத்தால் பயப்பட வேண்டாம், உடம்பு கணக்குப் பார்க்கிறது.

[திரையில்: குஸ்கோ 3,400 மீ. ஒயாந்தைதாம்போ 2,800 மீ. மச்சு பிச்சு 2,430 மீ.]

இந்த மூன்று எண்களையும் பாருங்கள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இந்த மலைகளை ஆண்ட இன்காக்களின் பழைய நகரமான மச்சு பிச்சுதான் உச்சி என்று பலரும் நினைக்கிறார்கள். படங்களில் மேகத்துக்கு மேலே மிதக்கிறதே! ஆனால் அது குஸ்கோவைவிட கிட்டத்தட்ட 1,000 மீட்டர் கீழே இருக்கிறது. அதனால் பயணத்தைத் தலைகீழாகப் போடுங்கள். முதல் இரவு குஸ்கோவில் தங்காமல், நேராக ஒயாந்தைதாம்போ இருக்கிற உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். வழியில் சாலை இன்னும் உயரமான சின்செரோ வழியாகப் போகலாம். பரவாயில்லை. பகலில் எங்கே போகிறீர்கள் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அங்கேயே தங்கி ஓய்வெடுங்கள், மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, அது வேறு விஷயம். உடனே கீழே இறங்க வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயரத்துக்கான மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

விடுதிக்குள் நுழைந்ததுமே பெரும்பாலும் கோகா இலைத் தேநீர் தருவார்கள். அங்கே அது அன்றாடப் பானம், குடிக்கலாம். நினைவுப் பொருளாகப் பெட்டியில் போட்டு எடுத்துவர மட்டும் வேண்டாம். இந்தியாவில் கோகா இலை போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது.

[காட்சி: ஒயாந்தைதாம்போ. கல் தெருக்கள், ஓரத்தில் ஓடும் வாய்க்கால்.]

ஒயாந்தைதாம்போவை மச்சு பிச்சுவுக்கு ரயில் பிடிக்கிற இடமாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இன்கா காலத்துத் தெரு அமைப்பில் இன்றும் மக்கள் குடியிருக்கிற ஊர் இது. மேலே கோயில் மேட்டில் ஆறு பெரிய பாறைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை வெட்டிய குன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மலையிலிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி மேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். இரும்புக் கருவியும் இல்லை, வண்டிச் சக்கரமும் இல்லை. வந்து சேராத கற்கள் சில வழியிலேயே கிடக்கின்றன. உள்ளூரில் அவற்றுக்குக் ‘களைத்துப்போன கற்கள்’ என்று பெயர். முதல் நாள் படியேறிய உங்களுக்கு அந்தப் பெயர் நன்றாகவே புரியும்.

[காட்சி: மோராய். வட்ட வட்டமாக இறங்கும் படிக்கட்டு நிலங்கள்.]

பக்கத்திலேயே மோராய். மேல் வட்டத்துக்கும் அடி வட்டத்துக்கும் வெப்பநிலை மாறுகிறது. எந்த உயரத்தில் எது விளையும் என்று பயிர்களைச் சோதித்த இடமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் ஊகம். உயரத்தை வைத்து விவசாயம் செய்தவர்கள் இன்காக்கள். உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறைய வைத்து, காலால் மிதித்துத் தண்ணீரை எடுத்து, வெயிலில் காயவைத்து ஆண்டுக்கணக்கில் சேமிப்பார்கள். அதற்குச் சூன்யோ என்று பெயர். சந்தையில் இன்றும் கிடைக்கும். சுவை எல்லாருக்கும் பிடிக்காது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கினுவா தானிய சூப்பும், பெரிய மணிச் சோளமும் பாலாடைக்கட்டியும் கைகொடுக்கும். சூப்பில் இறைச்சிச் சாறு கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: ரயில், பிறகு வளைந்து வளைந்து ஏறும் பேருந்து.]

சரி, மச்சு பிச்சு. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நேரமும் நடைபாதையும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். மச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் நான்கு நாள் இன்கா பாதையில் நடக்க ஆசையா? அது பிப்ரவரியில் மூடியிருக்கும். உச்சக் கணவாய் 4,215 மீட்டர். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, இரவில் குளிர் கடுமை. ஜூன், ஜூலையில் கூட்டம் அதிகம்.

[காட்சி: கொரிகாஞ்சா. கீழே கருங்கல் சுவர், மேலே ஸ்பானியத் துறவிமடம்.]

இப்போது குஸ்கோவுக்கு ஏறுங்கள். உடம்பு பழகியிருக்கும். அங்கே கொரிகாஞ்சா என்ற இன்காக்களின் சூரியக் கோயில் சுவர்மேல் ஸ்பானியர்கள் மடம் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மடம் பெரிதும் சேதமானது. சாந்தே இல்லாமல் அடுக்கிய கீழ்ச்சுவர் அப்படியே நின்றது. அருகில் போய்ப் பாருங்கள். சுவர் லேசாக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், மாடங்களும் வாசல்களும் மேலே குறுகியிருக்கும்.

[காட்சி: வினிகுன்கா, வண்ணக் கோடுகள் ஓடும் மலை.]

அப்புறம், இந்த வானவில் மலை. 5,000 மீட்டருக்கு மேல். இரண்டாம் நாளே கூட்டிப்போகிறேன் என்பார்கள், மறுத்துவிடுங்கள். இதைக் கடைசி நாளுக்கு வையுங்கள். வழியில் வாடகைக்குக் குதிரை கிடைக்கும். ஆனால் அது கடைசி ஏற்றத்துக்கு முன்னாலேயே உங்களை இறக்கிவிடும்.