கணித ஆசிரியை கையில் சைவநெறிப் பாடம்: ஒரு சந்தேகமும் விளக்கமும்

அடுத்த கேள்வி இலங்கையிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. "நான் கணித ஆசிரியை. ஆள் இல்லையென்று தரம் 10, 11 சைவநெறியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். சித்தாந்தப் பகுதி வந்தாலே கை நடுங்குகிறது. என் பயத்தால் பிள்ளைகளின் பெறுபேறு குறையுமா?"

குறையும், தங்கச்சி. ஆனால் கை நடுங்குவதால் அல்ல. பயந்த ஆசிரியர் என்ன செய்வார்? "கொப்பியை எடுங்கோ" என்று குறிப்புச் சொல்லத் தொடங்கிவிடுவார். எழுதிக்கொண்டிருக்கிற வகுப்பு கேள்வி கேட்காது. அவருக்கு அதுதானே வேண்டும். திருமுறை 12, மலம் (உயிரைப் பற்றியிருக்கிற அழுக்கு, ஆணவம் அதில் ஒன்று) 3 என்று பிள்ளை பல்தேர்வில் தப்பிவிடும். "ஆணவம் உயிரைப் பற்றியிருக்கும் விதத்தை விளக்குக" என்று வந்தால் பேனை நின்றுவிடும்.

நானும் அப்படிக் குறிப்புக்குள் ஒளிந்தவன்தான். ஒருநாள் தரம் 11இல் ஒரு பொடியன் எழும்பினான். "சேர், ஆணவம் எப்ப வந்து ஒட்டினது?" எனக்கு வியர்த்துவிட்டது. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். இரவு புத்தகத்தைப் புரட்டினால், நெல்லுக்கு உமி போல, செம்புக்குக் களிம்பு போல அது அநாதி, இடையில் வந்ததில்லை என்றிருந்தது. மறுநாள் ஒரு பிடி நெல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், எல்லாருக்கும் இரண்டிரண்டாகக் கொடுத்தேன். அந்தப் பொடியன் ஒன்றை நகத்தால் உரித்துப் பார்த்துவிட்டு, "இதை விதைச்சா முளைக்காதே, சேர்" என்றான். மலம் நீங்கினால் பிறவி இல்லை என்பதற்குச் சொல்கிற உவமையே அதுதான்! பாடத்தில் நான் இன்னும் அந்த இடத்துக்கு வந்திருக்கவில்லை.

'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையைப் பற்றி உளவியலாளர் பண்டூரா 1977இல் எழுதியதில், அது ஊறுகிற முதல் இடம் நாமே செய்து பார்த்துச் சரிவந்த அனுபவம் என்கிறார். அந்த ஒரு பிடி நெல் எனக்கு அப்படி. சத்தமாகப் பேசுவதை நம்பிக்கை என்று எடுத்துவிடாதீர்கள். பிழையையே உரத்துப் படிப்பிக்கிறவர்களுக்கும் கை நடுங்குவதில்லை.

பண்ணோடு பாட வராவிட்டால், கோயிலில் தேவாரம் பாடுகிற பிள்ளை வகுப்பில் ஒன்றாவது இருக்கும், அதை முன்னால் விடுங்கள். சித்தாந்தத்துக்கு வந்தால், அதன் அடிப்படை நூலான சிவஞானபோதத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), உதாரணம் என்று ஒவ்வொரு சூத்திரத்தையும் நிறுவிக்கொண்டு போகிறது. கேத்திரகணிதத் தேற்றம் நிறுவுகிற உங்களுக்கு அந்த நடை எங்களைவிடச் சுலபமாகப் பிடிபடும்.