டர்போ டீசல் காரில் டவுன்பைப் மாற்றினால் உண்மையில் என்ன கிடைக்கும்?

வணக்கம். உங்கள் சிறிய டீசல் காரை எவ்வளவு விரட்டினாலும் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காருக்குள், உங்கள் கால் விரல்களுக்குச் சற்று முன்னால், மணிக்கு ஏறக்குறைய 475 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்று பறந்துகொண்டிருக்கிறது. அது எஞ்சின் வெளியே தள்ளும் புகை. அது பறக்கும் பாதைதான் டவுன்பைப். அந்தப் பாதையை அகலப்படுத்தினால் கார் சீறிப் பாயும் என்று சொல்லித்தான் பளபளக்கும் குழாய்களை விற்கிறார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பளபளப்பு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

பின்னணியை வேகமாகக் கடந்துவிடுகிறேன். வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டு உள்ளே போகும் காற்றை அழுத்தும் யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905-இல் காப்புரிமை பெற்றார். அந்த யோசனையே டர்போ. அதில் ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள் உள்ளன: புகை சுழற்றும் டர்பைன் ஒரு பக்கம், காற்றை அழுத்தும் கம்ப்ரசர் மறு பக்கம். டர்பைனிலிருந்து வெளியேறும் புகை முதலில் நுழையும் குழாயே டவுன்பைப். வரலாறு அவ்வளவுதான்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கால்குலேட்டர் இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: 1.5 லிட்டர், 4,000 சுற்று)

1.5 லிட்டர் எஞ்சின் ஒரு முறை முழுமையாக மூச்சு இழுக்க இரண்டு சுற்றுகள் தேவை. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் அது 2,000 முறை மூச்சு இழுக்கும். அதாவது நிமிடத்துக்கு 3,000 லிட்டர், நொடிக்கு 50 லிட்டர். டர்போ காற்றை ஏறக்குறைய இரட்டிப்பாக அடைத்து அனுப்புவதால் அது நொடிக்கு 100 லிட்டராகிறது. எஞ்சினில் வெந்து டர்பைனைத் தாண்டி வரும்போது புகையின் வெப்பநிலை முழுச் சுமையில் 500 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் என்று கொண்டால், வெப்பத்தால் அதன் பருமன் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் விரிந்து நொடிக்கு 260 லிட்டராகும். இதை 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய்க்குள் திணித்தால் நொடிக்கு 132 மீட்டர் வேகம் தேவை. முதலில் சொன்ன 475 கிலோமீட்டர் இப்படித்தான் வந்தது. குழாயை 63 மில்லிமீட்டராக அகலப்படுத்தினால் வேகம் 300 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கும். எல்லாம் தோராயக் கணக்குதான், ஆனாலும் நடப்பதிலிருந்து வெகுதூரம் விலகியதல்ல.

விற்பவர்களுக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று இங்கே ஒளிந்திருக்கிறது. ஒரே அளவு வாயு ஓடும்போது குழாயின் உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் மாறும். 50-இலிருந்து 63-க்குப் போனால் விட்டம் 26 சதவீதம்தான் கூடுகிறது, ஆனால் 1.26-ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 3.2 வருகிறது. அப்படியானால் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். இதைக் கேட்டதும் பணப்பையைத் திறந்துவிடத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் எதில் மூன்றில் ஒரு பங்கு என்ற கேள்வியை அப்போது நான் கேட்கவில்லை.

60 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான 50 மில்லிமீட்டர் குழாயில் இந்த வேகத்தில் உராய்வால் இழக்கும் அழுத்தம் 10 மில்லிபார் அளவுதான். அதில் ஏழு மில்லிபாரை மிச்சப்படுத்துகிறோம். கடற்கரையிலிருந்து 60 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றில் ஏறினால் காற்றழுத்தம் அதே அளவு குறையும். குன்றின் மேல் நின்று ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கார் பறந்ததாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அப்படியானால் டவுன்பைப் மாற்றுவதே வீண் வேலையா என்றால், அவசரப்படாதீர்கள். நேரான குழாயில் இழப்பது சொற்பம் என்றாலும், வளைவுகளில் அதைப் போலப் பல மடங்கு இழக்கிறோம். ஸ்டீயரிங் தண்டுக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் இடம் விடுவதற்காகச் சில கார்களில் குழாயை அமுக்கித் தட்டையாக்கியிருப்பார்கள். நான் என் காரின் பழைய டவுன்பைப்பைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவியபோது, முதல் வளைவின் உட்பக்கத்தில் குழாய் நீள்வட்டமாக நசுங்கியிருந்ததும், குழாயை டர்போவோடு இணைக்கும் தட்டான ஃபிளாஞ்சை ஒட்டி வெல்டிங் ஒரு பருக்கையைப் போலத் துருத்திக்கொண்டிருந்ததும் தெரிந்தது. டர்பைனிலிருந்து வரும் வாயு சுழன்றுகொண்டே வருகிறது. டர்பைனை விட்டு வெளியே வந்ததுமே குறுகிய இடத்தில் திடீரென்று திரும்பச் சொன்னால் அது முரண்டு பிடிக்கும். ஆகவே நல்ல டவுன்பைப்பை அடையாளம் காண விட்டத்தைப் பார்க்காதீர்கள். டர்பைன் வாயிலிருந்து படிப்படியாக விரியும் கூம்பையும், பெரிய ஆரமுள்ள வளைவையும், உட்புறத்தில் வழவழப்பாக இருக்கும் வெல்டிங்கையும் பாருங்கள்.

டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைவதன் பலன் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கிடைப்பதில்லை என்பது இன்னொரு சுவையான செய்தி. டர்பைனின் வேலை அதன் இருபுற அழுத்தங்களின் விகிதத்தைப் பொறுத்தது. முன்னால் 2.4 பார் (ஒரு பார் என்பது 1,000 மில்லிபார்), பின்னால் 1.3 பார் என்றால் விகிதம் 1.85. பின்னழுத்தத்தை 1.1 பாராகக் குறைத்தால், அதே விகிதத்துக்கு முன்னால் 2.03 பார் போதும். பின்னால் 0.2 குறைத்ததற்கு எஞ்சின் பக்கத்தில் ஏறக்குறைய 0.37 குறைகிறது. பிஸ்டன் புகையை வெளியே தள்ளப் படும் பாடு அந்த அளவுக்குக் குறையும். ‘எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர், அதாவது புகையை எதிர்க்கும் பின்னழுத்தம், வேண்டும்’ என்று சொல்லும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். டர்பைனுக்குப் பின்னால் அப்படியொரு தேவை கிடையாது என்று அவரிடம் அன்போடு சொல்லிவிடுங்கள்.

டீசலுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. டீசல் எஞ்சினில் சக்தியை நிர்ணயிப்பது எவ்வளவு டீசல் தெளிக்கப்படுகிறது என்பதுதான். அந்த அளவுக்கும் டர்போ அழுத்தத்துக்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ இலக்கு வைத்திருக்கிறது. குழாய் இலகுவானதும் டர்போ சற்று முன்னதாகவே இலக்கை எட்டும், ஈசியூ டர்பைனுக்குள் புகை பாய்வதைக் கட்டுப்படுத்தும் சிறு இறக்கைகளைத் திறந்து மிச்சத்தை விட்டுவிடும், உச்ச சக்தி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். குறைந்த சுற்றில் பிக்கப் சற்று மேம்படுவதை நீங்கள் உணரலாம். 20 குதிரைத்திறன் கூடும் என்று சொல்பவர் குழாயோடு சேர்த்து ஈசியூ மென்பொருளையும் மாற்றியிருப்பார், அல்லது கதை விடுகிறார்.

இனி, பலர் பேசாமல் தாண்டிச் செல்லும் இடம். நவீன டீசல் கார்களில் டவுன்பைப் என்பது வெறும் குழாயாக இருப்பதில்லை. புகையிலுள்ள நச்சு வாயுக்களை மாற்றும் ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட்டும் கரி வடிகட்டியான டிபிஎஃபும் பல கார்களில் டர்போவை ஒட்டியே, ஒரே உறைக்குள் இருக்கும். டிபிஎஃப் ஒரு தேன்கூட்டைப் போன்றது. அடுத்தடுத்த அறைகளில் ஒன்றின் முன்வாயும் மற்றொன்றின் பின்வாயும் அடைக்கப்பட்டிருப்பதால், புகை சுவரை ஊடுருவித்தான் மறுபுறம் போக வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும். வடிகட்டிக்கு முன்னால் உள்ள குழாயில் வெள்ளைத் துணியைத் தேய்த்தால் அது அடுப்படிக் கரித்துணியாகிவிடும்; சரியாக வேலை செய்யும் வடிகட்டிக்குப் பின்னால் தேய்த்தால் துணி ஏறக்குறைய வெள்ளையாகவே திரும்பி வரும். முதன்முதலில் இதைச் செய்து பார்த்த நாளில் நான் குழாயை மறந்துவிட்டுத் துணியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரி சேர்ந்த வடிகட்டி முழுச் சுமையில் 100 மில்லிபாருக்கு மேல் எளிதாகத் தடுக்கும். நாம் கணக்கிட்ட ஏழு மில்லிபாரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தையில் ‘டவுன்பைப்’ என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பல உண்மையில் வடிகட்டி நீக்கிய குழாய்கள்தான். ஓட்டுபவர் உணரும் பெரிய வித்தியாசம் அங்கிருந்தே வருகிறது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பல நாடுகளில் அது சட்டவிரோதம் என்பது ஒரு காரணம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் வகைப்படுத்தியது. உங்கள் அரை நொடிப் பிக்கப்புக்காகப் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரர் அதைச் சுவாசிப்பது என் கணக்கில் சரியான பேரமல்ல. வடிகட்டியைக் கழற்றாமல் காரின் அடிப்பகுதிக்குத் தள்ளிவைப்பதும் ஆபத்தே: வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியை அவ்வப்போது எரிக்க 600 டிகிரி அளவு வெப்பம் வேண்டும், தூரம் கூடினால் வெப்பம் குறையும், எரிப்பு பாதியில் நின்றால் அதற்காகத் தெளிக்கப்பட்ட டீசலில் ஒரு பங்கு எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் உயரத் தொடங்கும்.

ஆகவே வாங்கும் முன் அளந்து பாருங்கள் என்பதே என் கோரிக்கை. டிபிஎஃபின் அழுத்த சென்சாருக்குப் போகும் இரண்டு குழல்களில் வடிகட்டிக்கு முன்னால் இருப்பது, டர்பைனுக்குப் பின்னால் உள்ள அழுத்தத்தை ஏறக்குறையச் சொல்கிறது. அதில் ஒரு ‘டீ’ இணைப்பு வைத்து அழுத்தமானியைப் பொருத்தி, வெறிச்சோடிய சாலையில் மூன்றாம் கியரில் முழு ஆக்சிலரேட்டரில் ஒரு முறை ஓடுங்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் முள்ளை வீடியோ எடுக்கட்டும். வடிகட்டியின் இருபுற அழுத்த வேறுபாட்டை, ஈசியூவோடு இணைக்கும் ஸ்கேனரிலேயே படிக்கலாம். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால், வடிகட்டியே தடை; அதைச் சுத்தம் செய்தால் போதும், குழாயில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

பொருத்துவதைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 304 ரக ஸ்டெயின்லெஸ் குழாய் 60 சென்டிமீட்டர் நீளமிருந்தால், 500 டிகிரி சூடேறும்போது ஐந்து மில்லிமீட்டர் நீளும். நெளிவுள்ள ஃபிளெக்ஸ் பகுதி இல்லாத குழாய் அந்த ஐந்து மில்லிமீட்டரையும் குழாயை டர்போவோடு பிடித்திருக்கும் திருகுத் தண்டுகளான ஸ்டட்டுகள் மீதே இறக்கும். பழைய ஸ்டட் உடைந்தால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள்.

அளந்து பார்ப்பவர்கள், எஞ்சின் எத்தனை லிட்டர், எத்தனை சுற்றில் எத்தனை மில்லிபார், வடிகட்டி கடைசியாக எப்போது கரியை எரித்தது என்ற மூன்றையும் கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் அந்த எண்களை ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டுகிறேன்.