எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்

நேயர்களுக்கு வணக்கம். தஞ்சாவூரில் நர்சிங் முடித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சு சொல்லிக்கொடுக்கிறேன். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, வேதாரண்யத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். பலருக்கும் வெளிநாட்டு வேலையில் ஆசை. அதற்காக எழுதும் ஓஇடி என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வில், நோயாளியாக நடிப்பவரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அப்படி இரண்டு முறை. மருத்துவச் சொற்கள் இவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தடுமாறுவது எதிர்காலம் சொல்லும்போதுதான்.

நோயாளி தண்ணீர் கேட்கிறார். நம் பெண் 'ஐ ஆம் கமிங் சார்' என்று சொல்லிவிட்டு வெளியே போகிறாள். கிளம்பும்போது 'வரேன்' என்பது நம் வழக்கம். இங்கிலாந்துக்காரருக்கோ, வருகிறேன் என்றவர் ஏன் போகிறார் என்று குழப்பம். 'ஐ வில் பி பேக் இன் ஃபைவ் மினிட்ஸ்' என்றால் நிம்மதியாகப் படுத்திருப்பார்.

அப்புறம், 'வில்', 'கோயிங் டு' சங்கதி. இதை நம் வீட்டுப் பேச்சிலிருந்துதான் தொடங்குவேன். 'ஊசி போட்டுடுவேன்' என்று யாரிடம் சொல்கிறோம்? அடம்பிடிக்கும் பிள்ளையிடம். அது மிரட்டல். 'ஊசி போடப்போறேம்மா, கையை நீட்டுங்க' என்பது, முடிவாகிவிட்ட வேலையை முன்கூட்டிச் சொல்வது. அங்கேதான் 'ஐ ஆம் கோயிங் டு' வரும். குளிருகிறது என்கிறாரா? அந்த நொடியில் தோன்றும் உதவிக்கு 'ஐ வில் கெட் யூ எ பிளாங்கெட்'. அதே 'வில்'லை நோயாளி மேல் திருப்பி, 'யூ வில் டேக் திஸ் டேப்லெட்' என்றால் அதட்டுவது போல இருக்கும்.

வலி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 'வலிக்கவே வலிக்காது' என்பதை அப்படியே 'இட் வோன்ட் ஹர்ட்' ஆக்க விடமாட்டேன். ஊசி ஏறியதும் அந்த வார்த்தை பொய்த்துவிடும். அடுத்து நீங்கள் சொல்வதை அவர் எப்படி நம்புவார்? நம் ஊர் மூத்த சிஸ்டர்கள் 'எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்' என்பார்களே, அதுதான் நேர்மை. இங்கிலாந்து நர்சுகளும் ஊசிக்கு முன் 'ஷார்ப் ஸ்க்ராட்ச்' என்றுதான் சொல்கிறார்கள். 'யூ வில் ஃபீல் எ ஷார்ப் ஸ்க்ராட்ச்.' நம் எறும்பும் அவர்கள் கீறலும் ஒன்றே.

எந்த வார்டிலும் கேட்கும் கேள்வி: 'டாக்டர் எப்ப வருவாரு?' 'வருவாரு' என்ற பதிலில் என்ன இருக்கிறது? 'ஹி வில் கம்' என்பதும் அதே கதைதான். நேரம் குறித்தாகிவிட்டால் 'ஹி இஸ் கமிங் அட் லெவன்' என்று சொல்லலாம். தெரியாவிட்டால், 'ஐ வில் ஃபைண்ட் அவுட் அண்ட் லெட் யூ நோ.'

இதைச் சொல்லிப் பழகிய வேதாரண்யத்துப் பெண் ஒருத்தி, வகுப்பிலேயே எழுந்து வாசல் வரை போனாள். திரும்பி வந்து, நோயாளியாக உட்கார்ந்திருந்த தோழியின் பக்கத்தில் குனிந்து சொன்னாள்: 'ஹி இஸ் கமிங் அட் லெவன், அம்மா.' அந்த 'அம்மா'வை நான் திருத்தவில்லை.