நம்ம தலைக்கு மேலே ஒரு பள்ளம்

(தக்கலையில் ஒரு நூலகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

இஸ்ரோவின் தலைவராக இருந்த மாதவன் நாயர் பிறந்தது நம்ம குலசேகரத்தில். பின்னாளில் தலைவராக இருந்த சிவனும், 2025-இல் தலைவரான நாராயணனும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள்தான். அதனால் ராக்கெட்டைப் பற்றி இங்கே யாருக்கும் அறிமுகம் வேண்டாம். ராக்கெட் தன் வேலையை முடித்த பிறகு நடப்பதைச் சொல்லவே வந்தேன்.

விண்வெளியில் ஈர்ப்பு விசை கிடையாது என்று பலரும் நினைக்கிறோம். 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில், தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், அதனால்தான் மிதக்கிறார்கள். நியூட்டன் ஒரு மலை உச்சியில் பீரங்கியை வைத்து இதை யோசித்தார். நாம் அதை மருந்துவாழ் மலையில் வைப்போம். கிடையாகச் சுட்ட குண்டு முதல் விநாடியில் சுமார் 5 மீட்டர் கீழே விழும். பூமியின் பரப்பும் 8 கி.மீ. தூரத்துக்கு 5 மீட்டர் வளைந்து இறங்குகிறது. காற்றுத் தடை மட்டும் இல்லாமல், விநாடிக்கு 8 கி.மீ. வேகமும் கிடைத்துவிட்டால் குண்டு விழுந்துகொண்டே இருக்கும், தரை மட்டும் எட்டாது.

உயரே போகப் போக ஈர்ப்பு குறையும், வேகமும் குறைவாகவே போதும். 35,786 கி.மீ. உயரத்தில் விநாடிக்கு 3 கி.மீ. வேகம்தான், ஒரு சுற்றுக்கு ஒரு நாள். பூமியும் கூடவே சுழல்வதால் செயற்கைக்கோள் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு மேலே மட்டும்தான் அப்படி நிறுத்த முடியும். நாம் அந்தக் கோட்டுக்கு வடக்கே 8 டிகிரிதான். 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் ஜிசாட்-30 செயற்கைக்கோளைப் பார்க்க, நம்ம ஊர் டிஷ் டெல்லி டிஷ்ஷைவிட நன்றாக மல்லாந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். இனி சொல்வதை என்னால் நிறுத்தி நிதானமாகச் சொல்லாமல் இருக்க முடியாது.

பூமி துருவங்களில் தட்டையானது என்று படித்திருக்கிறோம். நிலநடுக்கோடும் சரியான வட்டம் இல்லை. ஆரத்தில் சுமார் 70 மீட்டர் வித்தியாசம். பசிபிக்கில் 165 டிகிரி கிழக்கு, அட்லாண்டிக்கில் 15 டிகிரி மேற்கு, இந்த இரண்டு பக்கமும் லேசான புடைப்பு. 6,378 கி.மீ. ஆரத்தில் 70 மீட்டர் என்ன பெரிது என்று தோன்றும். செயற்கைக்கோளுக்கு அதுவே போதும்.

90 டிகிரி கிழக்கில் எரிபொருள் தீர்ந்துபோன ஒரு செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். பசிபிக் புடைப்பு அதைக் கிழக்கே, அதாவது அது போகும் திசையிலேயே, துளி இழுக்கிறது. அப்போது கிழக்கே முந்திப் போகவேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. முன்னால் இழுபட்டதும் அதன் ஆற்றல் கூடும், பாதை கொஞ்சம் உயரும், உயர்ந்த பாதையில் சுற்ற நேரம் அதிகம். ஆக அது பூமியைவிடப் பின்தங்கி மேற்கே நகரும். 75 டிகிரியைத் தாண்டியதும் அட்லாண்டிக் பக்கத்து இழுப்பு ஓங்கும், எல்லாம் தலைகீழாகும், செயற்கைக்கோள் மெல்லத் திரும்பி வரும். ஒரு முறை போய்வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

பள்ளத்தில் உருண்ட கோலிக்குண்டு போல அது அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட பள்ளம் அந்த வட்டப்பாதையில் இரண்டுதான். ஒன்று அமெரிக்கா பக்கம், 105 டிகிரி மேற்கில். மற்றது 75 டிகிரி கிழக்கில். கன்னியாகுமரி இருப்பது எழுபத்தேழரையில், மக்களே!

வேலை செய்யும் செயற்கைக்கோள்கள் சிறு உந்திகளை அவ்வப்போது இயக்கி இடத்தைக் காத்துக்கொள்கின்றன. ஆயுள் முடியும்போது கடைசி எரிபொருளைக் கொண்டு சுமார் 300 கி.மீ. மேலே ஏற்றி ஒதுக்கிவிடுவதே முறை. அதற்கான எரிபொருளை மிச்சம் வைப்பது, இன்னும் ஒரு வருடம் சேனல் ஓட்டுவதைவிட முக்கியம் என்பேன். அப்படி ஒதுக்காமல் விட்டவை, வேலையில் இருக்கும் செயற்கைக்கோள்களின் வழியில்தான் குறுக்கே நெடுக்கே போய்வருகின்றன.