கெல்லாக்கை வெளியேற்றியது கொள்கையன்று, அதிகாரமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் சேர்த்து ஒரே வணக்கம்.

காலை உணவுத் தட்டில் நாம் பாலூற்றிச் சாப்பிடுகிற தானியச் செதிலுக்கு 1896-இல் காப்புரிமை பெற்ற டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பேட்டில் கிரீக் நகரில், 1907 நவம்பர் 10 அன்று தம் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கியது கொள்கையா, அதிகாரமா என்பது தலைப்பு. அதிகாரமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "மலச்சிக்கலைத் தீர்த்த டாக்டருக்கு மதச்சிக்கலைத் தீர்க்கத் தெரியவில்லையே" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். தட்டிய பிறகுதான் யோசித்தேன்: கெல்லாக்குக்கு வயிற்றைப் பற்றிய அக்கறையை ஊட்டியவர் யார்? சபையின் தீர்க்கதரிசினியாக மதிக்கப்பட்ட எலன் வைட் அம்மையார், உடல்நலம் பற்றித் தமக்கு 1863-இல் தரிசனம் கிடைத்ததாகச் சொன்னார். 1866-இல் சபையே பேட்டில் கிரீக்கில் ஒரு நலவாழ்வு நிலையத்தைத் திறந்தது. புலால் வேண்டாம், காப்பி வேண்டாம், தண்ணீரே மருந்து என்றது. பத்தாண்டு கழித்து அந்த நிலையத்துக்குப் பொறுப்பேற்றவர்தான் கெல்லாக். வயிற்றைப் பற்றிப் பேசுவது கேலிக்குரியது என்றால், நண்பரே, அந்தக் கேலி முதலில் போய்ச் சேருவது நீங்கள் கட்டிக்காக்க வந்த சபையைத்தான்.

மதச்சிக்கலுக்கு வருகிறேன். கெல்லாக்கின் பொறுப்பில் மருத்துவமனையாக வளர்ந்திருந்த அந்த நிலையம் 1902 பிப்ரவரி 18 அன்று எரிந்து சாம்பலானது. மேற்கிலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்த கெல்லாக்குக்குச் சிகாகோவில்தான் செய்தி கிடைத்தது. மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்தாரா? ஊருக்குப் போகும் அடுத்த ரயிலில் ஒரு மேசையைக் கேட்டு வாங்கிப் புதிய கட்டடத்துக்கு வரைபடம் போட ஆரம்பித்துவிட்டார். கட்டப் பணம்? "ஒரு புத்தகம் எழுதுங்கள், சபையார் ஊர் ஊராக விற்றுத் தருகிறோம்" என்றது சபைத் தலைமை. அவரும் எழுதினார். பெயர் 'தி லிவிங் டெம்பிள்'. மரத்துக்குள் இருந்து மரத்தை வளர்ப்பதும், பூவுக்குள் இருந்து பூவை மலர்த்துவதும் கடவுளின் ஆற்றலே என்று அதில் எழுதியிருந்தார். உடனே, எல்லாமே கடவுள் என்கிற வேற்றுக்கொள்கை இது என்று சபை கையை விரித்தது. சொந்தச் செலவில் அச்சிடுகிறேன் என்று சபையின் அச்சகத்திடமே கொடுத்தார். அச்சுத் தகடுகள் தயாராக இருந்தன. 1902 டிசம்பர் 30 அன்று அந்த அச்சகமும் எரிந்தது!

நடுவர் அவர்களே, இதை இன்னொரு முறை சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. மருத்துவமனை எரிந்ததால் புத்தகம் எழுதச் சொன்னவர்கள் சபையார். எழுதியதைத் தள்ளியவர்கள் சபையார். தள்ளியதை அச்சுக்கு ஏற்றுக்கொண்டது சபையின் அச்சகம். கடைசியில் தகடுகளோடு எரிந்ததும் அதே அச்சகம். இந்தத் தீயைக் கடவுளின் எச்சரிக்கை என்றார் எலன் வைட் அம்மையார். கெல்லாக்கோ வேறு அச்சகத்தைத் தேடிப் போனார். 1903-இல் புத்தகம் வெளிவந்துவிட்டது.

எதிரணியினர், "பார்த்தீர்களா, கொள்கை" என்று துள்ளலாம். பொறுங்கள். அதே 1903-இல், புத்தகத்தை விற்பனையிலிருந்து எடுத்துத் திருத்துகிறேன் என்று கெல்லாக் இறங்கி வந்தார். கொள்கைச் சண்டையாக இருந்திருந்தால் அன்றே ஆறியிருக்க வேண்டாமா? ஆறவில்லை. ஏனென்றால், கூட்டுக் குடும்பத்தில் நிறையச் சம்பாதிக்கும் பிள்ளை தனிக்கணக்கு கேட்டால் என்ன நடக்குமோ, அதுதான் அங்கே நடந்துகொண்டிருந்தது. மருத்துவமனை எந்தச் சபைப் பிரிவையும் சாராதது என்று கெல்லாக் அதற்கு முன்பே சட்டப்படி எழுதி வைத்திருந்தார். கையில் காசில்லாமல் கட்டடம் வாங்கக் கூடாது என்று சபையின் தலைமை அமைப்பான பொதுச்சங்கத்தின் தலைவர் டேனியல்ஸ் கடிவாளம் போட்டபோது, டேனியல்ஸையே மாற்றிவிட்டு ஜோன்ஸ் என்பவரை அமர்த்த முயன்றார். கெல்லாக்கும் இலேசுப்பட்டவர் அல்லர். 'தகுதியானவர்கள்' மட்டுமே பிள்ளை பெற வேண்டும் என்று பிற்காலத்தில் இனமேம்பாடு என்ற பெயரில் அவர் பரப்பிய கருத்துகளுக்கு நான் வக்காலத்து வாங்கவும் மாட்டேன். ஆனால் இவையெல்லாம் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருப்பது என்ற சண்டை அல்லாமல் வேறென்ன?

1907 அக்டோபரில் இரண்டு மூத்த சபையார் அவர் வீட்டுக்கே வந்தார்கள். ஏறத்தாழ எட்டு மணி நேரம் பேச்சு. பெரும்பாலும் அவரே பேசினார். சுருக்கெழுத்தில் எல்லாம் பதிவானது. அடுத்த மாதம் நீக்கிய போது சொன்ன குற்றங்களைக் கேளுங்கள்: ஆராதனைக்கு வருவதில்லை, காணிக்கை கொடுப்பதில்லை, அம்மையாரின் தீர்க்கதரிசன வரத்தை எதிர்க்கிறார், சபையைக் கவிழ்க்க நினைப்பவர்களோடு சேர்ந்திருக்கிறார். வருகைப் பதிவும் வரவு செலவும் இருக்கின்றன; மரத்துக்குள் இருந்த கடவுள் எங்கே போனார்?

வாதத்தை விடுங்கள், நடுவர் அவர்களே. பன்னிரண்டு வயதுப் பையனாக அவர் வேலைக்குச் சேர்ந்தது இதே சபையின் அச்சகத்தில்தான். எலன் வைட் அம்மையார் உடல்நலம் பற்றி எழுதியவற்றுக்கு ஒவ்வொரு எழுத்தாக ஈய அச்சுக் கோத்தவை அந்தப் பிஞ்சுக் கைகள். மருத்துவம் படிக்கப் பணம் கொடுத்து நியூயார்க்குக்கு அனுப்பியவர்கள் அந்த அம்மையாரும் அவர் கணவரும். பிள்ளைப்பேறு இல்லாத கெல்லாக் நாற்பதுக்கும் மேற்பட்ட ஊரார் பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்து வளர்த்தார். அவரை வளர்த்த வீடு மட்டும் அவருக்கு இல்லாமல் போயிற்று. அம்மையார் 1915-இல் மறைந்தார், கெல்லாக் 1943-இல், தொண்ணூற்றொரு வயதில். இருவரும் அடக்கமானது பேட்டில் கிரீக்கின் ஒரே ஓக் ஹில் கல்லறைத் தோட்டத்தில். உயிரோடு இருக்கையில் ஒரு கூரையின் கீழ் அவர்களை இருக்க விடாதது எது என்று உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள்.

எட்டு மணி நேரம் பேசியும் தீராத மனிதரின் வழக்கை எட்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்லி மணியடிக்கிறீர்கள், நடுவர் அவர்களே, அதுவும் அதிகாரம்தான். பணிகிறேன். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். வணக்கம்.