முதுமையின் வேகத்தை முடிவு செய்வது இளம்பருவச் சூழலே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அளவான உணவும் நடைப்பயிற்சியும் இருந்தால் முதுமையைத் தள்ளிப்போடலாம் என்று எதிரணித் தலைவர் வாதிட்டார். அப்பழக்கங்களின் நன்மையை நான் மறுக்கவில்லை. முதுமையின் கணக்கு நாற்பது வயதில்தான் தொடங்குகிறது என்பதையே மறுக்கிறேன். அது கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே தொடங்கிவிடுகிறது என்பதே என் வாதம்.

நம் டி.என்.ஏ.வின் மீது மெத்தில் என்னும் சிறு வேதிக்குறிகள் ஒட்டியும் விலகியும் மரபணுக்களின் வேலையைக் கூட்டுகின்றன, குறைக்கின்றன. 353 இடங்களில் இக்குறிகளை அளந்து வயதைக் கணிக்கும் எபிஜெனெட்டிக் கடிகாரத்தை ஆய்வாளர் ஸ்டீவ் ஹோர்வாத் 2013-இல் வெளியிட்டார். அதற்கும் முன்பே நெதர்லாந்து நமக்கு ஒரு சான்று தந்திருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படையின் தடையால் அங்கே பஞ்சம் வந்தது. அப்போது கருவானவர்களை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, ஐ.ஜி.எஃப்.2 என்னும் வளர்ச்சி மரபணுவில் அவர்களுக்கிருந்த மெத்தில் குறிகள், பஞ்சத்தில் சிக்காத உடன்பிறந்தோருக்கு இருந்ததைவிடக் குறைவாக இருந்தன. பெற்றோர் அதே இருவர்தான், கருவான காலம் மட்டுமே வேறு! கருவில் பஞ்சத்துக்கு ஆளானோர், அதிலும் குறிப்பாகப் பெண்கள், விரைந்து மூப்படைவதை 2024-இல் வெளியான ஆய்வும் காட்டியது.

எதிரணி பெருமையோடு எடுத்துக்காட்டிய அமெரிக்கச் சோதனைக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகள் கலோரியைக் குறைத்து உண்டவர்களிடம் மூப்பின் வேகம், ஒரு எபிஜெனெட்டிக் கடிகாரத்தின்படி, 2 முதல் 3 சதவீதமே தணிந்தது. வேறு கடிகாரங்களிலோ குறிப்பிடத்தக்க மாற்றமே தெரியவில்லை.

நாம் கூடியிருக்கும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து இந்த மியர்பேங்கையே பாருங்கள். 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் எத்தனையோ இந்தியக் குடும்பங்களை வேறிடங்களிலிருந்து பெயர்த்து, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் காகித ஆலைக்கும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. புத்தகப் பையில் இன்ஹேலரோடு பள்ளிக்குப் போன பிள்ளைகள் இந்த அவையிலேயே பேரன் பேத்திகளோடு அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சுவாசித்த காற்றை அவர்களா தேர்ந்தெடுத்தார்கள்? கருவுற்ற தாய் சுவாசிக்கும், புகையில் கலந்திருக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் பிறக்கும் குழந்தையின் மெத்தில் குறிகளுக்கும் தொடர்பிருப்பதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்த குழந்தைகளிடம் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே, தாய்மாரின் உணவையும் காற்றையும் கணக்கில் சேர்க்காமல் முதியவர்களின் மனவுறுதியை மட்டும் எடைபோடும் வாதத்தை ஏற்க வேண்டாமென நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன்.